105 மணி நேரத்தின் வரவு செலவு

எங்கள் வீட்டில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. கணக்கு எழுதுவது என் தொழில். எதையும் எழுதி வைக்காவிட்டால் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. அந்த நோட்டின் முதல் வரி: ‘மாலை 5.40, மின்சாரம் போனது.’ புயல் கரையைத் தொடுவதற்கு முன்பே போய்விட்டது. கடைசி வரி ஆறாம் நாள் அதிகாலை 2.40-ஐப் பற்றியது. அது என் கையெழுத்தில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். இடையில் 105 மணி நேரம். அந்தப் பக்கங்களை இப்போது புரட்டினால், தயாராக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதனின் அசட்டுத்தனம் தேதிவாரியாகப் பதிவாகியிருக்கிறது.

நான் சும்மா இருந்துவிடவில்லை. எச்சரிக்கை வந்த அன்றே மூன்று டார்ச், இரண்டு கட்டு மெழுகுவர்த்தி, ஒரு பவர் பேங்க் எல்லாம் வாங்கி வைத்தேன். இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் மட்டம் பார்த்தேன். முதல் நாள் மாலை தெரு முழுக்க இருட்டு. எங்கள் கூடத்தில் மட்டும் மின்விசிறி சுற்றியது, தொலைக்காட்சியில் புயல் செய்தி ஓடியது, மகள் படித்துக்கொண்டிருந்தாள். “பார்த்தாயா?” என்று மனைவியிடம் இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்க வாய்ப்பு அமையவில்லை. ஒன்பதரை மணிக்கு இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது.

கணக்கனுக்கு வந்த அவமானம் அது. ஏனென்றால் அந்தக் கணக்கு பள்ளிப் பிள்ளைக்கும் போடத் தெரிந்த கணக்கு. எங்கள் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி. பெருக்கினால் 1,800 வாட் மணி. காகிதத்தில் கிட்டத்தட்ட இரண்டு யூனிட். மாற்றும்போது ஏற்படும் இழப்பு எல்லாம் போக, அடிமட்டம் வரை உறிஞ்சினால் 1,400 தேறும். அன்று மாலை ஓடியவை: 75 வாட் விசிறி மூன்று, 9 வாட் பல்பு ஐந்து, 80 வாட் தொலைக்காட்சி, 10 வாட் ரூட்டர். மொத்தம் 360 வாட். வகுத்துப் பாருங்கள், நான்கு மணி நேரம்கூட முழுதாக வராது. எனக்குக் கிடைத்ததும் அதுதான். பேட்டரி என்னை ஏமாற்றவில்லை, நான்தான் அதனிடம் எதுவும் கேட்கவில்லை.

இன்வெர்ட்டர் மணிக்கணக்குக்குச் செய்யப்பட்ட பொருள். அதை நாள் கணக்குக்கு நீட்டவேண்டுமானால் கஞ்சத்தனம் வேண்டும். இப்போது நான் போடும் கணக்கு வேறு. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 800 வாட் மணிதான் என் கையிருப்பு. பழைய விசிறிகளில் ஒன்றை மட்டும் மாற்றி, 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி போட்டேன், அம்மாவின் அறையில். அதோடு இரண்டு பல்பு. ஆக 48 வாட். இதில் பலரும் மறப்பது ஒன்று உண்டு: இன்வெர்ட்டர், எதையும் ஓட்டாமல் சும்மா விழித்துக்கொண்டிருக்கவே சுமார் 15 வாட் தின்னும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டால் 360 வாட் மணி வீண், என் கையிருப்பில் ஏறக்குறைய பாதி. ஆகவே பகலில் அதன் பொத்தானை அணைத்துவிட வேண்டும். எல்லாம் சேர்த்து 63 வாட். 800-ஐ அதால் வகுத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரவுக்கு நான்கு மணி நேரம் என்று மூன்று இரவு. அம்மா எல்லோரும் வந்து தன் அறையில் படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். மகன் குறட்டை விடாமல் இருந்தால்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வரை என் கவலையெல்லாம் வெளிச்சத்தைப் பற்றியதாகவே இருந்தது. அப்போது குளியலறையிலிருந்து மகன் கூப்பிட்டான். “அப்பா, குழாயில் தண்ணீர் வரவில்லை.”

மோட்டார் ஓடாது என்பது தெரியும். மேலே தொட்டியில் 500 லிட்டர் இருக்கிறதே என்ற தைரியம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். கழிவறையில் ஒருமுறை ஊற்ற 6 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஐந்து முறை, நாளைக்கு 150 லிட்டர் அதற்கே போகிறது. குளியல், பாத்திரம், துணி எல்லாம் தனி. யாரும் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் யாரும் குறைக்கச் சொல்லவில்லை. குடிக்கவும் சமைக்கவும் வாய் கழுவவும் என்று ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் வைத்துக்கொள்வது பொதுவான அளவு. ஐந்து பேருக்கு 20. நான் வாங்கி வைத்திருந்தது 20 லிட்டர் கேன் இரண்டு. இரண்டே நாள் சரக்கு.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறு. முந்தைய இரவு முழுக்க மழை கொட்டியது. கூரைக் குழாயிலிருந்து பனைமரம் பருமனுக்கு, சரி, மிகைப்படுத்துகிறேன், கை பருமனுக்குத் தண்ணீர் விழுந்து தெருவில் ஓடியது. ஜன்னல் வழியாக அதை வேடிக்கை பார்த்தோம். அதன்கீழ் ஒரு வாளி வைக்க எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கழிவறைக்கு ஊற்ற மழைத்தண்ணீர் போதாதா என்ன?

இப்போது எச்சரிக்கை வந்தால் வீட்டில் முதலில் நடப்பது மோட்டார் போடுவது. தொட்டி வழிந்த பிறகுதான் மற்ற வேலை. பிறகு அண்டா, குடம், வாளி, மூடி உள்ள டப்பா எல்லாம் நிரம்பும். மேல்தொட்டியின் வால்வை மனைவி பாதி மூடிவிடுகிறாள். குழாயில் நூலாக வந்தால் எல்லோரும் தாமாகவே சிக்கனமாகிவிடுவார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. என் பிரசங்கங்களைவிட அது நன்றாக வேலை செய்கிறது. கை கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் ஒரு வாளியில் சேரும். அதைக் கழிவறைத் தொட்டியில் ஊற்றாமல் நேராகக் கிண்ணத்தில், கொஞ்சம் உயரத்திலிருந்து, வேகமாக ஊற்றினால் குறைந்த தண்ணீரே போதும். குடிதண்ணீர் தீர்ந்து வேறு தண்ணீரைத் தொட நேர்ந்தால், தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவைக்கவேண்டும். வெள்ளத்தில் ரசாயனமோ எண்ணெயோ கலந்திருந்தால் கொதிக்கவைத்தும் பயனில்லை.

குளிர்சாதனப் பெட்டியின் கதை நோட்டில் ஒரு முழுப் பக்கம். மூடியே வைத்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் குளிர் காக்கும். உறைபகுதி நிரம்பியிருந்தால் 48 மணி நேரம், பாதிதான் நிரம்பியிருந்தால் 24. இதெல்லாம் கதவைத் திறக்காதவர்களுக்கான கணக்கு. எங்கள் வீட்டில் ஆளாளுக்குத் திறந்தார்கள். அதிகம் திறந்தது நான்தான்; உள்ளே இன்னும் குளிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

அதன்பிறகு கற்றுக்கொண்ட இரண்டு சின்ன வித்தைகள். உறைபகுதியில் காலி இடம் இருந்தால் தண்ணீர் பாட்டில்களை முக்கால் பாகம் நிரப்பிப் படுக்கவைத்துவிடலாம். பனிக்கட்டியானால் அவையே குளிரைப் பிடித்து வைக்கும், உருகினால் குடிக்க ஆகும். இன்னொன்று: ஒரு கிண்ணத்தில் தண்ணீர் உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயம். நாம் வீட்டில் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருந்தால் நாணயம் அடியில் கிடக்கும். மேலேயே இருந்தால் உள்ளே இருப்பவற்றை நம்பலாம். 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய பால், இறைச்சி, சமைத்த மிச்சம் எதையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யக்கூடாது. நோய் உண்டாக்கும் கிருமி நாற்றம் அடித்துக்கொண்டு வருவதில்லை. எங்கள் வீட்டில் இதைக் கொட்டச் சொன்னால் அம்மாவுக்கு மனம் வராது. ஆகவே அவர் மதியம் கண்ணயரும்போது கொட்டுகிறோம்.

அம்மாவுக்கு வயது 74. காலையும் இரவும் இன்சுலின். இரண்டாம் நாள் காலை அந்தக் குப்பியை எடுத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. கை நடுங்கிவிட்டது. உறைபகுதியில் கொஞ்சம் பனி மிச்சம் இருந்தது. குப்பியை அதற்குள் புதைக்கப்போனேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியோடு வந்த மடித்த தாள் அவள் இன்னொரு கையில். எறும்பு எழுத்து, டார்ச் அடித்து அவள்தான் வாசித்தாள். உறைந்துபோன இன்சுலின் கெட்டது, மறுபடி இளக்கினாலும் பயன்படுத்தக்கூடாது. ஆனால் குளிர்பெட்டியே இல்லாமல் 30 டிகிரிக்குள் இருந்தால் 28 நாள் வரை தாங்கும். பெரும்பாலான இன்சுலின் வகைகளுக்கு இதுதான் அளவு. சிலவற்றுக்கு மாறும் என்பதால் நம் பெட்டியில் உள்ள தாளே பிரமாணம். அதைச் சாதாரண நாளில் நிதானமாக வாசித்து வைத்துக்கொள்ளவேண்டுமே தவிர, கை நடுங்கும்போது அல்ல. எங்கள் வீட்டில் அந்தத் தாள் இப்போது அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.

ஈரமண் சட்டிக்குள் வைத்தால் குளிரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், அது உண்மைதான். வறண்ட வெயிலில் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் புயலுக்கு மறுநாள் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது ஆவியாவது எங்கே? வைத்துப் பார்த்தோம். ஏதோ ஓரளவு. வீட்டிலேயே நிழலான, கீழ்மட்டமான மூலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக்சிஜன் செறிவூட்டி, நெபுலைசர் போல மின்சாரத்தில் ஓடும் கருவி உள்ள வீடுகளுக்கு இந்தச் சமாளிப்பெல்லாம் உதவாது. அவர்கள் புயல் வரும் முன்பே மருத்துவரிடம் பேசி, மின்சாரம் இருக்கும் இன்னொரு இடத்தை முடிவுசெய்து வைத்திருக்கவேண்டும்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. எதிர்வீட்டு அண்ணன் கூரையில் பத்து சூரியத் தகடுகள் பளபளத்தன. “உங்களுக்கென்ன அண்ணே, இன்று வீடு முழுக்க கரண்ட் இருக்குமே” என்று வாசலில் நின்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அவர் வீட்டிலும் இருட்டு. பொது மின்கம்பியோடு இணைத்த சூரிய அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. இல்லையென்றால் கூரையிலிருந்து போகும் மின்சாரம், கம்பம் ஏறி வேலை செய்கிறவரைத் தாக்கும். பேட்டரியும், வீட்டைக் கம்பியிலிருந்து துண்டித்துக்கொண்டு தனியே ஓடும் வசதியும் சேர்த்து வாங்கியவர்களுக்கு மட்டுமே அந்த வெயில் உதவும். அண்ணனிடம் விற்றவர் இதைச் சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை.

அதே காரணத்துக்காகத்தான், ஜெனரேட்டரின் வயரை வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி ஓட்டுவது கொலைக்குச் சமம் என்கிறேன். மின்சாரம் தெரு டிரான்ஸ்பார்மருக்குப் பின்வழியாக ஏறி, அங்கே பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருகும். மின்சாரம் இல்லாத கம்பி என்று நம்பித் தொடுகிறவர் செத்துப்போவார். தெருக் கம்பி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் மாற்று சுவிட்ச் போட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து இணைக்கவேண்டும். அல்லது வெளியே வைத்து நீளமான வயரில் நேராகக் கருவியை ஓட்டவேண்டும். வெளியே என்றால் வெளியேதான். வராந்தா, ஷெட், ஜன்னலடி எதுவும் வெளி ஆகாது. வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகை வீட்டுப் பக்கம் திரும்பாமல். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் மழைக்குப் பயந்து வராந்தாவில் வைத்து ஓட்டியது. காலையில் எல்லோருக்கும் தலைவலி, வாந்தி. ஏதோ சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். அவர்கள் எழுந்தது அதிர்ஷ்டம். வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டுவதும் இதே வகை.

தொலைபேசி விஷயத்தில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க், மகளின் போனில் 5,000, ஆக இரண்டு முறை ஏற்றலாம் அல்லவா? முடியாது. வோல்ட் மாறுவதிலும் சூட்டிலும் போக ஒன்றரை முறை ஏறினால் புண்ணியம். அதைவிட மோசம், செல்போன் கோபுரங்களுக்கும் மின்சாரம் வேண்டும். சில மணி நேரத்தில் அவற்றின் பேட்டரியும் இறங்கிவிட, போன் சிக்னலைத் தேடித் தேடியே தன் உயிரை விட்டது. மூன்றாம் நாள் இரவு என் போனில் 9 சதவீதம். இப்போதைய ஏற்பாடு: எல்லாம் விமானப் பயன்முறையில். காலை எட்டு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் பத்து நிமிடம் திறப்பது. வெளியூர் உறவினர்களுக்கும் அந்த நேரம் தெரியும். பேச முடியாத இடத்தில் குறுஞ்செய்தி பல நேரம் போய்ச்சேர்கிறது. முக்கியமான எண்களைத் தாளில் எழுதிவைத்தோம். என் சொந்த மகனின் எண் எனக்கு மனப்பாடமாக இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. செய்திக்கு ஒரு சின்ன பேட்டரி வானொலி. இத்தனை பொருள்களில் கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது அதுதான்.

வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தியை விட்டுவிட்டோம். ஐந்து பேர் உள்ள இருட்டு வீட்டில் திறந்த நெருப்பு எதற்கு? நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று போதும், இரண்டு கையும் மிச்சம். டார்ச்சை நட்டுக்குத்தலாக நிறுத்தி அதன்மேல் தண்ணீர் நிரம்பிய பாட்டிலை வைத்தால் அறை முழுக்க மங்கிய ஒளி பரவும். நான் வாங்கிய மூன்று டார்ச்சும் மூன்று அளவு பேட்டரி கேட்டவை. வீட்டில் இருந்ததோ நான்காவது அளவு. இப்போது எல்லாமே ஒரே அளவு. பேட்டரிகள் டார்ச்சுக்கு உள்ளே இல்லாமல் பக்கத்தில் உறைக்குள் இருக்கும், கசிந்து துரு ஏறாமல்.

எத்தனை நாளுக்குத் தயாராவது என்று சிலர் கேட்கிறார்கள். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் பனிமழை கம்பிகளில் கட்டிகட்டியாக உறைந்து, மின்கோபுரங்களே மடிந்து விழுந்தன. சில இடங்களில் மின்சாரம் திரும்ப ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி தாக்கிய போர்ட்டோ ரிக்கோவில் கடைசி வீடுகளுக்கு வரப் பதினோரு மாதம் வரை. அதற்கெல்லாம் நான் தயாராகப்போவதில்லை. என் அளவு ஒரு வாரம். அதற்கு மேல் என்றால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பவேண்டியதுதான் என்று முடிவுசெய்து, எங்கே போவது என்பதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

பழுது பார்க்கிறவர்கள் பெரிய பாதைகளையும் துணைநிலையங்களையும்தான் முதலில் சரிசெய்வார்கள். மருத்துவமனை, குடிநீர் நிலையம். பிறகு ஒரே வேலையில் அதிகம் வீடுகள் ஒளிபெறும் கம்பிகள். தெருமுனை டிரான்ஸ்பார்மர். ஒற்றை வீட்டுக்குப் போகும் கம்பி கடைசியில். பக்கத்துத் தெருவில் விளக்கு எரியும்போது நம் வீடு இருண்டிருந்தால் அது சதி இல்லை. ஆனாலும் நான்காம் நாள் இரவு மாடியில் நின்று அந்த வெளிச்சங்களைப் பார்த்து நான் சொன்ன சொற்களை நோட்டில் எழுதவில்லை. அறுந்து கிடக்கும் கம்பியை மட்டும், பத்து மீட்டர் தள்ளி நின்று, உயிருள்ளது என்றே நினைக்கவேண்டும்.

மின்சாரம் திரும்பி வரும் நேரம்தான் எனக்கு மிகவும் பயம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாதாரண காற்றுமழைக்குப் பிறகு கரண்ட் வந்தது. பல்புகள் வழக்கத்துக்கு மாறாக வெள்ளையாக எரிந்தன. எல்லோரும் கைதட்டினோம். அரை நிமிடத்தில் சலவை இயந்திரத்திலிருந்து கருகிய வாடை. தெருவில் நியூட்ரல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, அறுந்திருந்தால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400-ஐ நெருங்கி வரக்கூடும் என்று பார்க்க வந்தவர் விளக்கினார். அன்றிலிருந்து கரண்ட் போனதும் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். ஒரே ஒரு பல்பின் சுவிட்ச் மட்டும் போட்டிருக்கும், வந்தால் தெரிவதற்காக.

ஆறாம் நாள் அதிகாலை அந்தப் பல்பு எரிந்தது. வீடே விழித்துக்கொண்டது. அம்மா கைகூப்பினார். நான் எழுந்து ஓடி மெயின் சுவிட்சை அணைத்தேன்.

“ஐந்து நாள் தவம் கிடந்து வந்த கரண்டை நீயே அணைக்கிறாயேடா” என்றார் அம்மா இருட்டிலிருந்து.

பதினைந்து நிமிடம் மெயின் பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு விளக்கு மங்காமல், துள்ளாமல் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே. பிறகுதான் போட்டேன். காலையில் நோட்டைத் திறந்தால் மனைவியின் கையெழுத்தில் கடைசி வரி: ‘2.40, வந்தது. 2.41, இவர் அணைத்தார்.’